அத்தியாயம் 7: ஊரார் பிள்ளைகளோடு ஒரு வருடம்

சுந்தரபாண்டியத்தில் மொட்டைமாடியில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சதுரகிரிக்குப் போகிற கூட்டத்தோடு தாணிப்பாறையிலிருந்து சின்ன வயதிலேயே நடந்து ஏறியவர்கள் நம் பிள்ளைகள். இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கிவிடப்பட்டு நீச்சல் பழகியவர்கள். பிளவக்கல் அணை திறந்தால் எந்தக் கண்மாய் முதலில் நிறையும் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். இந்த அறிவுக்கு உலகத்தில் ஒரு பெயரும் ஒரு வேலையும் உண்டு என்று மட்டும் அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

பெயர், திறந்தவெளிக் கல்வி. வேலை, வகுப்பறைக்கு வெளியே காட்டிலும் மலையிலும் ஆற்றிலும் பிள்ளைகளை அழைத்துப் போய்க் கற்றுக்கொடுப்பது. படிப்பை முடித்துவிட்டு அடுத்த படிப்புக்கோ வேலைக்கோ போவதற்கு முன் ஒரு வருடத்தை இதற்காக ஒதுக்கி, வெளிநாட்டில் தன்னார்வலராகப் பணிசெய்ய நினைப்பவர்களுக்காக இந்த அத்தியாயம். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு பக்கத்துப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் மலையின் பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

இது என்ன வேலை?

1941-ல், உலகப் போரின் நடுவே, வேல்ஸ் கடற்கரையில் உள்ள அபெர்டோவியில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் கர்ட் ஹான் என்ற ஜெர்மானியக் கல்வியாளரும், லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் நிறுவன முதலாளியும். கப்பல் மூழ்கும் நேரத்தில் இளம் மாலுமிகள் உயிரைக் கைவிடாமல் போராடும் உறுதியை முன்கூட்டியே பழக்க வேண்டும் என்பது நோக்கம். ‘அவுட்வேர்ட் பவுண்ட்’ என்ற அந்தப் பள்ளியின் கிளைகள் பின்னாளில் பல நாடுகளுக்குப் பரவின. மலேசியாவின் லுமுட்டிலும், சிங்கப்பூரில் 1967 முதல் புலாவ் உபின் தீவிலும் தமிழ்ப் பிள்ளைகளும் அதில் பயின்றிருக்கிறார்கள். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பள்ளி ஆண்டில் சில நாட்களைக் காட்டு முகாமில் கழிப்பது பல பிள்ளைகளுக்கு வழக்கமான அனுபவம். அந்த முகாம்களில் பயிற்றுநர்களுக்குத் துணையாக நிற்பவர்கள்தான் தன்னார்வலர்கள்.

புகைப்படங்களில் கயிறும் படகும் தெரியும். வேலையில் பாதி அது இல்லை. காலையில் சமையலறையில் ரொட்டி அடுக்குவது, ஈரக் காலணிகளைக் காயவைப்பது, கழிப்பறை கழுவுவது, மழைக்கோட்டு கொண்டுவராத பிள்ளைக்கு ஒன்று தேடிக்கொடுப்பது, ராத்திரி அம்மாவை நினைத்து அழுகிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் சேர்ந்ததுதான் பணி. மலை ஏறத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். முகாம் தேடுவது, தன்னை மறந்து இருபது பிள்ளைகளைக் கவனிக்கத் தெரிந்தவரை.

அந்தக் கவனத்தின் உச்சம், திரும்பிப் போகலாம் என்று சொல்லத் தெரிவது. 2015 மே மாதம் சதுரகிரி ஓடைகளில் திடீர் வெள்ளம் வந்தபோது உயிர்கள் போயின. நமக்குப் பக்கத்துத் தேனி மாவட்டத்தின் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற இளைஞர்கள் இறந்தார்கள். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்து ஓடை நிறம் மாறுவதும், காய்ந்த புல்வெளியில் தீ மேல்நோக்கி விரைந்து ஏறுவதும் புத்தகத்துச் செய்திகள் அல்ல. நம் மண்ணில் விலை கொடுத்துக் கற்ற பாடங்கள். எந்த நாட்டு நேர்முகத்திலும், “நீ எடுத்த கடினமான முடிவு ஒன்றைச் சொல்” என்று கேட்டால், சிகரத்தைத் தொட்ட கதையைவிடப் பாதியில் திரும்பிய கதைக்குத்தான் மதிப்பு.

முதல் ஆறு மாதம் நம் அடிவாரத்தில்

ஊரில் ஒரு பிள்ளைக்கும் எதையும் கற்றுக்கொடுத்திராதவர் வெளிநாட்டில் போய் அதைத் தொடங்க முடியாது. விண்ணப்பம் போடுவதற்கு முன் ஆறு மாதம் இங்கே பழக வேண்டும்.

முதலில் பிள்ளைகள். அரசுப் பள்ளிகளில் தேசிய பசுமைப் படை மன்றங்கள் இருக்கின்றன. தலைமையாசிரியரைப் பார்த்து, சனிக்கிழமைகளில் பொறுப்பாசிரியருடன் சேர்ந்து பிள்ளைகளைக் கண்மாய்க்கரைக்கு அழைத்துப்போக அனுமதி கேளுங்கள். பொங்கல் விடுமுறையில் நடக்கிற பறவைக் கணக்கெடுப்பு நல்ல தொடக்கம். நாமக்கோழியையும் சிறகியையும் எண்ணிக் குறித்துக்கொடுக்க ஒரு குறிப்பேடும் ஒரு இருகண்ணோக்கியும் போதும். எத்தனை மணி நேரம், எத்தனை பிள்ளைகள், என்ன செய்தோம் என்று ஒவ்வொரு முறையும் எழுதிவையுங்கள். முடிவில் பள்ளியின் முத்திரையோடு ஒரு கடிதம் வாங்குங்கள். பின்னால் வேறெந்தச் சான்றிதழும் அந்தக் கடிதம் செய்கிற வேலையைச் செய்யாது.

அடுத்தது காடு. நம் மலையில் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-ல் வந்தது. 2021-ல் அது மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. அனுமதி இல்லாமல் உள்ளே போவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ‘நம்ம மலைதானே’ என்று செண்பகத்தோப்பைத் தாண்டி நுழைந்து வழக்கில் சிக்கினால், பின்னால் காவல்துறைச் சான்று வாங்கும்போது அதுவே தடையாக நிற்கும். வனத்துறை 2024-ல் தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. உள்ளூர் மக்களும் பழங்குடியினரும் வழிகாட்டிகளாக வருகிறார்கள். கட்டணம் கட்டி ஒருமுறை அவர்களோடு நடந்துபாருங்கள். கூட்டத்தின் கடைசி ஆளுக்கு ஏற்ப வேகத்தைக் குறைப்பதும், எந்த இடத்தில் பேச்சை நிறுத்திக் காது கொடுப்பது என்பதும் அவர்களிடம் பார்த்துக் கற்க வேண்டியவை. இந்த மலையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த பளியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை வெளிநாட்டில் சொல்லும்போது, யாரிடம் கற்றோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது அவர்களுடைய அறிவு.

மூன்றாவது பயிற்சி. செஞ்சிலுவைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ நடத்தும் முதலுதவிப் பயிற்சி அடிப்படை. மருத்துவமனை எட்டாத இடத்துக்கான வனாந்தர முதலுதவி தனிப் படிப்பு. முசூரியில் உள்ள ஹானிஃபில் மையம் போன்ற இடங்களில் கிடைக்கிறது. மலையேற்றத்துக்கு டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையமும், உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்ற நிலையமும் இருக்கின்றன. அடிப்படைப் பயிற்சி சுமார் நான்கு வாரம். இடங்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். கிணற்று நீச்சல் தைரியத்தைக் கொடுத்திருக்கும். ஆனால் குளிர்ந்த ஏரியில் இன்னொருவரைக் காப்பாற்றுவது வேறு வித்தை. கோவாவிலுள்ள தேசிய நீர் விளையாட்டு நிலையத்தில் உயிர்காக்கும் பயிற்சி உண்டு. எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. முதலுதவி கட்டாயம், மற்றதில் ஒன்று போதும்.

போகும் வழிகள்

*ஜெர்மனி.* நம் பிள்ளைகளுக்கு முழு வருடத்துக்கும் பொருந்தி வருகிற வழி இதுதான் என்பது என் கருத்து. அங்கே 1993 முதல் ‘தன்னார்வச் சூழலியல் ஆண்டு’ என்ற ஏற்பாட்டுக்குச் சட்டம் உண்டு. 27 வயது முடியாத இளைஞர்கள், வெளிநாட்டினர் உட்பட, சேரலாம். தேசியப் பூங்காக்கள், இயற்கைக் கல்வி மையங்கள், காட்டு மழலையர் பள்ளிகள் போன்ற இடங்களில் வேலை. வழக்கமாக 12 மாதம். அதில் 25 நாள் பயிலரங்குகளுக்கு. மாதம் சில நூறு யூரோ கைச்செலவுப் பணமும் மருத்துவக் காப்பீடும் தருகிறார்கள். தங்குமிடம் சில இடங்களில் உண்டு, சில இடங்களில் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. விமானச் செலவு பெரும்பாலும் நம்முடையது.

‘வெல்ட்வேர்ட்ஸ்’ என்ற ஜெர்மன் அரசுத் திட்டத்தில் 2013 முதல் நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து 18 முதல் 28 வயது வரையுள்ள இளைஞர்களை அழைக்கும் பிரிவும் இருக்கிறது. செலவின் பெரும்பகுதியைத் திட்டமே ஏற்கும். ஆனால் தனியாக விண்ணப்பிக்க முடியாது. ஜெர்மன் அமைப்போடு கூட்டு வைத்துள்ள இந்திய அமைப்பு ஒன்றின் வழியாகத்தான் போக முடியும்.

எந்தப் பிரிவானாலும் மொழி வேண்டும். பிள்ளை “வயிறு வலிக்கிறது” என்று சொன்னால் புரியாத ஒருவரிடம் யாரும் பிள்ளையை ஒப்படைக்கமாட்டார்கள். ஏ1, ஏ2 முடித்து பி1 நிலையை நோக்கிப் படியுங்கள். இணையவழி வகுப்பில் வீட்டிலிருந்தே படிக்கலாம். தேர்வைச் சென்னை மாக்ஸ்முல்லர் பவனில் எழுதலாம். ஒரு வருடம் பிடிக்கும். அதனால் கல்லூரியின் கடைசி ஆண்டிலேயே மொழி வகுப்பைத் தொடங்கிவிட வேண்டும். பணி ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்கும். அந்த ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

*சாரணர் வழி.* பள்ளியில் சாரணராகவோ சாரணியராகவோ இருந்தவர்கள் அந்த அட்டையைத் தூசி தட்டி எடுங்கள். சுவிட்சர்லாந்தின் காண்டர்ஸ்டெக்கில் 1923 முதல் இயங்கும் பன்னாட்டுச் சாரணர் மையம், 18 வயது நிறைந்த சாரணர்களைச் சில மாதப் பணிக்குத் தன்னார்வலராக எடுத்துக்கொள்கிறது. பெண்களுக்கு அதே நாட்டின் அடெல்போடனில் 1932-ல் திறந்த உலக மையம் இருக்கிறது. அதன் சகோதர மையம் ‘சங்கம்’ 1966 முதல் நம் புனேயில் நடக்கிறது. பல நாட்டுப் பெண்கள் வந்து பணிசெய்கிற இடம். வெளிநாட்டுக்கு முன் அங்கே சில மாதம் பழகுவது பெண் பிள்ளைகளுக்கு நல்ல படிக்கட்டு. 2027-ல் போலந்தின் கிதான்ஸ்க் நகரில் நடக்க இருக்கும் 26-வது உலக ஜம்போரிக்கும் 18 வயதுக்கு மேற்பட்ட சேவைக் குழுவினர் வேண்டும். அதற்கு நாம்தான் கட்டணம் கட்ட வேண்டும். விண்ணப்பம் பாரத சாரண சாரணியர் இயக்கம் வழியாகப் போகும்.

*அமெரிக்கா.* கோடைக்கால முகாம்களில் பயிற்றுநராகப் போக ஜே-1 விசாவில் தனிப் பிரிவு இருக்கிறது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதிகபட்சம் நான்கு மாதம். மாணவர், ஆசிரியர், இளைஞர் பணியாளர், தனித்திறன் உள்ளவர் ஆகியோருக்கே இது. படிப்பை முடித்துவிட்டு இருப்பவர் மாணவர் கணக்கில் வரமாட்டார். அந்த நேரத்தில் பள்ளியில் வாங்கிய கடிதமும் முதலுதவிச் சான்றும்தான் உங்களை இளைஞர் பணியாளர் என்று காட்டும்.

*பிரிட்டன், ஆஸ்திரேலியா.* பிரிட்டனில் அறப்பணி விசாவில் 12 மாதம் வரை சம்பளமில்லாமல் பணிசெய்யலாம். அழைக்கும் அமைப்புக்கு அந்த அரசின் உரிமம் இருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் அரசு இணையதளத்தில் பொதுவில் இருக்கிறது. பட்டதாரிகளுக்கு 18 முதல் 30 வயது வரை குலுக்கல் முறையில் இரண்டு ஆண்டு விசா தருகிற திட்டம் 2023-ல் தொடங்கியது. ஆஸ்திரேலியாவும் 2024 முதல் ஆண்டுக்கு 1,000 இந்திய இளைஞர்களுக்குக் குலுக்கலில் வேலை–விடுமுறை விசா தருகிறது. குலுக்கலை நம்பி ஒரு வருடத்தைத் திட்டமிடாதீர்கள். பெயரைப் போட்டுவிட்டு மற்ற வழியில் நடந்துகொண்டிருங்கள்.

தாள்களும் பணமும்

நமக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம். சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றை மறக்காமல் சேர்த்தால் குடியேற்றச் சோதனை தேவைப்படாத பிரிவில் கிடைக்கும். பிள்ளைகளோடு பணி என்பதால் காவல்துறை நற்சான்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். அதையும் பாஸ்போர்ட் சேவை வழியாகவே வாங்கலாம்.

நம் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற தொல்லை ஒன்று உண்டு: இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், பயணச்சீட்டில் பெயர் முன்பின்னாக இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில், அதே வரிசையில் எல்லா விண்ணப்பத்திலும் எழுதுங்கள். பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் பயணம்செய்து சென்னை விசா மையத்துக்குப் போய், பெயர்க் குழப்பத்தால் திரும்பி வருவது யாருக்கும் வேண்டாம்.

சுற்றுலா விசாவில் போய் ‘சும்மா உதவி’ செய்யலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சாப்பாடும் இடமும் கொடுத்து வேலை வாங்கினால், பல நாடுகளில் அது சட்டப்படி வேலைதான். பிரிட்டன் சுற்றுலாப் பயணிக்கு அனுமதிப்பதுகூட, பதிவுபெற்ற அறக்கட்டளையில், பயணத்தின் இடையே, மொத்தம் 30 நாள் மட்டுமே. பிடிபட்டால் அடுத்த நாட்டு விசாவும் கேள்விக்குறி ஆகும்.

பணம் கேட்கும் இடங்களை மூன்று கேள்வியால் சோதியுங்கள். பணி எந்த ஊரில், எந்த முகாமில்? என் வேலை நேரம், சாப்பாடு, படுக்கை, காப்பீடு பற்றி எழுத்தில் தருவீர்களா? போன வருடம் அங்கே இருந்த ஒருவரோடு நான் பேச முடியுமா? மூன்றுக்கும் நேரடியாகப் பதில் வராத இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. இன்னொன்று: உங்கள் நற்சான்றையோ பள்ளிக் கடிதத்தையோ கேட்காமல், பணம் கட்டினால் போதும், பிள்ளைகளோடு விட்டுவிடுகிறோம் என்கிற அமைப்புக்கும் போகாதீர்கள். அவர்களுக்கு அந்தப் பிள்ளைகள்மேல் அக்கறை இல்லை, உங்கள்மேலும் இருக்காது.

மொழித் தேர்வு, விசா, விமானம், முதல் மாதச் செலவு என்று நான்கு தலைப்பில் தனித்தனியாக எழுதி, கூட்டுத்தொகைக்கு மேல் அவசரமாகத் திரும்பிவர ஒரு பயணச்சீட்டுப் பணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கையில் இல்லாமல் கிளம்ப வேண்டாம். நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ தன்னார்வப் பணிக்குப் போகக் கூடாது. போன இடத்தில் சம்பளம் கிடையாது; வட்டி மட்டும் ஊரில் வளரும். பணம் சேரவில்லையா? ஒரு வருடம் வேலைக்குப் போய்ச் சேர்த்துவிட்டுப் போங்கள். வயது வரம்பு அதற்கு இடம்கொடுக்கிறது.

வீட்டில் பேசுவது

“சம்பளம் இல்லாம ஒரு வருஷமா? ஊர்ல கேட்டா என்னன்னு சொல்ல?” என்று அம்மா கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தறியிலும் தோப்பிலும் உழைத்துப் படிக்கவைத்த வீட்டில் ஒரு வருட வருமானம் சின்ன விஷயம் இல்லை. கோபப்படாமல் மூன்று தாள்களை முன்னால் வையுங்கள்: செலவுக் கணக்கு, ஒப்பந்தம், திரும்பி வந்ததும் செய்யப்போவது. உயர்படிப்பில் சேரும்போது சில கல்லூரிகள் இடைப்பட்ட ஆண்டுக்கு நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் கேட்கும். அது எளிதில் கிடைக்கும் என்பதையும் சொல்லுங்கள். பெண் பிள்ளையானால், தங்குமிடத்தின் பொறுப்பாளரோடு அப்பா அம்மாவைக் காணொளியில் பேசவையுங்கள். மொழி தெரியாவிட்டாலும் முகம் பார்த்தால் பாதிக் கவலை போகும்.

பிளஸ் டூ முடித்த கையோடு போக நினைப்பவர்களுக்கு: பெரும்பாலான இடங்களில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பட்டம் முடித்துவிட்டுப் போவதே நம் சூழலுக்கு நல்லது என்று நினைக்கிறேன். மொழிக்கும் பணத்துக்கும் வேண்டிய நேரம் அதில் கிடைக்கும்.

பையும் பழக்கமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை எடுத்துப்போக ஆசை வரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பால் பொருட்களைக் கொண்டுபோகத் தடை. விமான நிலையத்தில் குப்பைக்குத்தான் போகும். அதற்குப் பதில் ஊர்க் கைத்தறித் துண்டுகளை எடுத்துப்போங்கள். எடை குறைவு, கொடுப்பதற்கும் நல்ல பொருள், அது நெய்யப்படும் கதையைச் சொல்லவும் ஒரு மாலை கிடைக்கும். மழைக்கோட்டையும் மலைக்காலணியையும் அங்கே போய் வாங்குங்கள். குளிருக்கு ஏற்றது அங்கேதான் கிடைக்கும்.

போன இடத்தில் காக்க வேண்டிய விதிகள் நான்கு. மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்காதீர்கள். அனுமதி இல்லாமல் எந்தப் பிள்ளையையும் படம் எடுக்காதீர்கள். கிளம்பும்போதும், தண்ணீரைக் கடந்ததும், பாதை பிரியும் இடத்திலும், திரும்பியதும் தலை எண்ணுங்கள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். நம் ஊரில் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவது அன்பு; அங்கே தவறாகப் பார்க்கப்படலாம். பெரியவர்கள் சொன்னால் தலையாட்டிவிட்டு நிற்பது இங்கே மரியாதை. அங்கே, கயிறு சரியாகக் கட்டப்படவில்லை என்று தெரிந்தும் தலைமைப் பயிற்றுநரிடம் சொல்லாமல் நிற்பது பிள்ளையை ஆபத்தில் விடுவது. வாய் திறந்து சொல்லப் பழகுங்கள்.

திரும்பி வந்தபின்

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் சொல்வழக்கு. ஒரு வருடம் வேறு நாட்டுப் பிள்ளைகளைக் காட்டுக்குள் பத்திரமாகக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவர் கையில் அந்தச் சொல்லுக்கு உரிய கடன் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குத் தேர்வு தெரியும். தங்கள் கண்மாயில் வந்து இறங்கும் பறவையின் பெயர் தெரியாது. மலையைத் தினமும் பார்க்கிறார்கள். அதில் மழை விழுந்தால் ஓடையில் எப்போது வெள்ளம் வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

அதனால் திரும்பிவந்த முதல் மாதத்தில், களைப்பு தீர்ந்ததும், முன்பு கடிதம் கொடுத்த அதே தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். ஒரு சனிக்கிழமை கேளுங்கள். இருபது பிள்ளைகள், ஒரு ஆசிரியர், ஒரு முதலுதவிப் பை, பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதித் தாள்கள். கண்மாய்க்கரைக்குப் போங்கள். கிளம்பும்போது ஒருமுறை தலை எண்ணுங்கள், கரையேறியதும் இன்னொருமுறை.